நாலு முடிச்சுப் பை

ஆய்வுக் குழியிலிருந்து மண் அள்ளிப் போடும் துணிப்பைகளின் வாயைச் சணல் கயிற்றால் கட்டுவோம். அந்தக் கயிற்றில் முடிச்சுப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் ராமாமணி அம்மா. குழியின் மேல் அடுக்கு மண்ணுக்கு ஒரு முடிச்சு. அதற்கடுத்த அடுக்குக்கு இரண்டு. கீழே போகப் போக மூன்று, நான்கு. பைக்குள் வைக்கும் அட்டையில் இதெல்லாம் இங்கிலீஷில் எழுதித்தான் இருக்கும். ஆனாலும் அவர், "ஈரத்துல மை கலங்கிப் போகுதுங்க. முடிச்சுன்னா அழியாது பாருங்க" என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னார். சரிதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

ஒரு வருடம் கழித்து, ஜீப் ஓட்டும் ஜாவித் பாய்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். "மையாவது கலங்கறதாவது! அட்டையத் தலைகீழாப் புடிச்சுப் பார்த்துட்டு நீ நின்னத அந்தம்மா பார்த்துப்போட்டாங்க இன்னாசி. அடுத்த வாரமே முடிச்சு வந்துருச்சு."

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். தமிழ் வரும். ஜெபப் புத்தகத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. தெரியாது என்று நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை. என் மானத்தை மறைக்க அவர் போட்டுக் கொடுத்த அந்த முடிச்சைக் கொண்டுதான் பின்னாளில் நான் ஒரு பொய்யைக் கட்டினேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

ராமாமணி அம்மாவுக்குச் சூலூர்ப் பக்கம். வீட்டில் பேசுவது தெலுங்கு. அப்பா பருத்தி போட்டவர். வீட்டுக்காரர் வேங்கடசாமி, பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டியவர். ஒரே மகள் ஷ்ரவ்யா. மண் ஆய்வு வேலைக்கு இவர் வந்த காலத்தில் குழிக்குள் இறங்கும் பெண் எங்கள் பக்கம் வேறு யாரும் கிடையாது என்று சொல்வார்கள். நான் தினக்கூலிக்குக் குழி வெட்டுகிறவனாகச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முழங்கால் வலியோடுதான் இறங்குவார். ஆனால் இறங்காமல் ஒரு குழிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. அந்த ஒரு குழியைத் தவிர.

குழி வெட்டுவதை வெறும் பள்ளம் தோண்டுவது என்று நினைக்கக் கூடாது. வெயில் விழுகிற பக்கத்துச் சுவர்தான் முகம். முகத்துக்கு மேலே மண்ணைக் கொட்டக் கூடாது, காலும் வைக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் படி விட வேண்டும். ஐந்தடி போக வேண்டும், இல்லையென்றால் பாறை தட்ட வேண்டும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவார். கத்தி நுனியால் முகத்தைச் சுரண்டிக்கொண்டே வந்து, மண் மாறுகிற இடத்தில் ஆணி குத்துவார். ஆணிகளை எண்ணுவது மட்டும் தெலுங்கில். ஒகட்டி, ரெண்டு, மூடு. பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் மண் எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நாடா மாதிரி தள்ளுவார். எவ்வளவு நீளம் வந்து அறுகிறதோ அதை வைத்துக் களி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். நிறங்கள் ஒட்டிய புத்தகத்தை மண்ணோடு வைத்துப் பார்ப்பார். வேர்களை எண்ணுவார். கடைசியில் சின்ன பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு ஆசிட். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் பொங்கும். இத்தனையும் எழுதிய பிறகுதான் அந்த மண் எந்த வகையில் சேரும் என்று தாளில் குறிப்பார். அதை வைத்து வரைபடம் போடுவார்கள்.

நிலத்துக்காரர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள். "ஏனுங் அம்மணி, பொதையலுங்களா?" என்பார்கள். "ஆமாங்க. கெடச்சா பாதி உங்களுக்கு, பாதி இன்னாசிக்கு. எனக்கு மண்ணு போதுமுங்க" என்பார். எந்த ஊருக்குப் போனாலும் இதே கேள்வி, இதே பதில். ஜாவித் பாய் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பதிலை முதலில் சொல்லிவிடுவார்.

அன்னூருக்கு மேற்கே அங்கப்பன் என்பவருக்கு நாலு ஏக்கர். அவர் நிலம் எங்கள் பட்டியலில் வந்தது ஒரு அக்டோபர் மாதம், சனிக்கிழமை. அவர் எலுமிச்சை வைக்க ஆசைப்பட்டார்.

"வெக்கலாமுங்களா அம்மணி? நாத்துக்குச் சொல்லி வெச்சுப்போட்டேன்."

"அடிமண்ணப் பார்க்காம நான் சொல்ல மாட்டேனுங்கண்ணா. மேல செகப்பா அழகாத்தான் இருக்குது. அடியில சுண்ணாம்பு இருந்துச்சுன்னா ரெண்டு வருசம் சிரிக்கும், மூணாம் வருசம் மஞ்சக்காமாலைதான்."

மறுநாள் எங்கள் கருமத்தம்பட்டியில் மாதா தேர்த்திருவிழா. சனிக்கிழமை சாயங்காலமே சப்பரம் தூக்குவதாக எனக்கு நேர்ச்சை. மகளுக்கு மஞ்சள் காமாலை வந்து தேறிய வருடத்தில் நேர்ந்துகொண்டது. ஆறு மணிக்குள் கோயிலில் இருக்க வேண்டும் என்று காலையிலேயே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஆனால் அன்றைக்கென்று மண்வெட்டிக் காம்பு முறிந்து, வேறு காம்பு போட்டு வருவதற்குள் மதியமாகிவிட்டது. மூன்றடிதான் போயிருந்தது. அதுவரை உள்ள மூன்று அடுக்கையும் அம்மா பார்த்து எழுதி, மூன்று பையும் கட்டியாயிற்று. அப்போதுதான் ஃபோன் வந்தது. வேங்கடசாமி ஐயா வீட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம்.

அம்மா குழியிலிருந்து ஏறி, செருப்பைக்கூடப் போடாமல் ஜீப்பைப் பார்த்து நடந்தார். ஆனாலும் ஆசிட் பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். "அஞ்சடி வரைக்கும் வெட்டிப்போடுங்க இன்னாசி. அடிமண்ணு நாலு முடிச்சுப் பையில. ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. பொங்குச்சுன்னா ஒரு ஃபோன் பண்ணுங்க, நான் திரும்ப வந்து பார்த்துக்கறேன்." ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அங்கப்பன் ஏற்கெனவே நாற்றுக்காரனைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார். நான் மட்டும்தான்.

இன்னும் அரையடி வெட்டினேன். மண் இறுகிக்கொண்டே போயிற்று. கடப்பாரையைப் போட்டால் கை அதிர்ந்தது. மணி இரண்டே முக்கால். ஐந்தடி போக வேண்டுமென்றால் பொழுது விழுந்துவிடும். பஸ் மாறி ஊருக்குப் போய், குளித்து, வேட்டி மாற்ற வேண்டும். குழியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தேன். பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. மேலே செம்மண், கீழேயும் அதே செம்மண்ணாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது அடுக்கிலிருந்தே நாலு கை மண்ணைச் சுரண்டிப் பையில் போட்டேன். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று அவர் மாதிரியே எண்ணி நாலு முடிச்சுப் போட்டேன். வழக்கம்போல் குழியை மூடினேன். மூடிய குழியில் பொய் தெரியாது.

மூன்றரை மணிக்கு அம்மாவே ஃபோன் பண்ணினார். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"ஏனுங்க இன்னாசி, அடியில என்னுங்க தெரியுது?"

"அதே செம்மண்ணுதானுங்கம்மா."

"ஆசிட்டு?"

"பொங்கலீங்கம்மா."

"அஞ்சடியும் போச்சுங்களா?"

"போச்சுங்கம்மா."

"அப்பாடா. நல்லா இருங்க சாமி. இங்க இவரு கண்ணு முழிச்சுப்போட்டாரு. நீங்க கெளம்புங்க, சப்பரத்துக்கு நேரமாகுதில்ல? மாதாகிட்ட இவருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துங்க."

தன் வீட்டுக்காரர் கட்டிலில் கிடக்கும்போது என் நேர்ச்சை அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நேரமாகிவிட்டது, முடியவில்லை என்று அந்த நிமிடம் நான் சொல்லியிருந்தால் போதும். சரி, திங்கட்கிழமை பார்த்துக்கலாம் என்றிருப்பார். சொல்லவில்லை. மாலையில் சப்பரத்துக்குத் தோள் கொடுத்தேன். பத்து வருடமாகத் தூக்குகிறேன், அன்று போல் தோள் வலித்ததில்லை. வேங்கடசாமி ஐயாவுக்கு மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். பொய்யான முடிச்சுப் போட்ட அதே கையால்தான்.

ஐயா அந்த முறை பிழைத்து, அடுத்த வருடம் தவறினார். அங்கப்பன் நிலம் ஆழமான செம்மண் என்று வரைபடத்தில் ஏறியது. அவர் எலுமிச்சை வைத்தார். இரண்டு வருடம் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் வருடம் இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்றதெல்லாம் மஞ்சளாகிவிட்டது. நுனி காய ஆரம்பித்தது. அங்கப்பன் மனுக் கொடுத்தார். மேலதிகாரி ஒருவர் நேரில் வந்து குழியை மறுபடி வெட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

வெட்டப் போனவன் நான்தான். பழைய குழி இருந்த இடத்தைக் காட்டியவனும் நான்தான். மேலே நாலு பேர் நின்றார்கள்: மேலதிகாரி, அம்மா, அங்கப்பன், ஜாவித் பாய். கீழே என்ன வரப்போகிறது என்று எனக்கு மட்டும் தெரிந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும், ஆண்டவரே இங்கே செம்மண்ணாகவே இருக்கட்டும் என்று கேட்டேன். அதைக் கேட்கவும் வெட்கமாக இருந்தது. மூன்றே முக்கால் அடியில் கடப்பாரை ணங்கென்றது. வெள்ளை வெளேரென்று சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக்கல், பாளமாகக் கிடந்தது. அன்று நான் நிறுத்திய இடத்துக்குக் கீழே மூன்று விரற்கடை.

மேலதிகாரி ஆசிட் விட்டார். பால் பொங்குவதுபோல் பொங்கிற்று.

அங்கப்பன் குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தார். பிறகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங் அம்மணி, குழிக்குள்ள எறங்கிப் பார்த்தீங்களா, இல்ல ஆபீசுல ஃபேனுக்கு அடியில உக்காந்துட்டே பார்த்தீங்களா? பொதையல் கேட்டா மண்ணு போதும்னீங்களே. அந்த மண்ணையும் பார்க்கலியாட்ட இருக்குது?"

மேலதிகாரி தாளைப் புரட்டினார். "அஞ்சடி வரைக்கும் செம்மண்ணு, சுண்ணாம்பு இல்லைன்னு போட்டிருக்குதே. கடைசி அடுக்கப் பார்த்தது யாருங்க? நீங்களேதானா?"

"கையெழுத்து என்னுதுங்க சார்."

"அது தெரியுதுங்க. அடி வெட்டறப்போ நீங்க இங்க இருந்தீங்களா?"

"தாள்ல இருக்கறது என் பேருதானுங்க சார். அதுக்கு மேல கேக்காதீங்க."

அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. குழிக்குள் நின்றுகொண்டு வாயைத் திறந்தேன். வந்த வார்த்தை இதுதான்: "குடிக்கத் தண்ணி வேணுங்களா சார்?"

ஜாவித் பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதோடு அம்மாவுக்கு வெளிவேலை போயிற்று. பணி முடிய ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. அலுவலகத்தின் பின்னறையில் பழைய தாள்களை அடுக்கி எழுதும் வேலை கொடுத்தார்கள். முழங்கால் வலிக்கு அது நல்லதுதானே என்று சிலர் சொன்னார்கள். அவர் செருப்பில் அதன்பிறகு மண் ஒட்டியே பார்த்ததில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன மண் பொட்டலத்தைப் பிரித்து, டம்ளர் தண்ணீரைத் தொட்டுப் பிசைந்து நாடா விட்டுக்கொண்டிருந்தார். வெளியே நின்ற என்னைப் பார்த்ததும் சிரித்தார். "பாப்பா பரீட்சை எழுதிப்போட்டாளுங்களா?" என்று கேட்டார். எழுதிவிட்டாள் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். அந்த ஒன்றரை வருடத்தில் அவரை எதிரில் கண்டால் வேறு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குச் சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "ஆண்டவர் மன்னிப்பாருங்க. ஆனா அந்த எலுமிச்சை ஆண்டவரோடது இல்லையே. அந்தம்மா பேரும் அவரோடது இல்ல. உரியவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார். சரி சாமி என்று வந்தேன். வந்து எட்டு மாதம் சும்மா இருந்தேன். அம்மாவின் பணி நிறைவு விழாவில் மாலைத் தட்டை ஏந்தி நின்றவனும் நான்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு புதன்கிழமை ஜாவித் பாய் சொன்னார்: "அம்மா நாளைக்கு ஹைதராபாத் போறாங்க. மக ஊட்டோடயே இருக்கப் போறாங்களாம். இனி இந்தப் பக்கம் வரமாட்டாங்க." சொல்லிவிட்டு, "உனக்கு ஏதாச்சும் சொல்லோணும்னா பார்த்துக்க" என்றார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் முதலில் அன்னூருக்குப் போனேன். அங்கப்பன் எலுமிச்சையைப் பிடுங்கிவிட்டு மாட்டுக்குச் சோளம் விதைத்திருந்தார். கன்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு அவர் கையிலேயே இருந்தது.

"மூணு வருசம் தண்ணி கட்டுனேன்" என்றார்.

"அடிக்கோணும்னா அடிச்சுப்போடுங்க."

"உன்னிய அடிச்சு நான் என்ன பண்றது? அந்தம்மாளத்தான் நாலு பேருக்கு முன்னால வாயால அடிச்சுப்போட்டேனே." கன்றைக் கட்டி முடித்தார். "இன்னிக்கு அவங்களப் பார்க்கறயா?"

"பார்க்கத்தான் போறேனுங்க."

"ஃபேனுக்கு அடியிலன்னு அங்கப்பன் சொன்னது தப்புன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு. போ." தண்ணீர் குடிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

சூலூர் போய்ச் சேரப் பத்து மணி. வீட்டில் அட்டைப்பெட்டிகளாக இருந்தன. ஷ்ரவ்யா உள்ளே டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நிறங்கள் ஒட்டிய அவருடைய சொந்தப் புத்தகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க இன்னாசி, உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. நின்றுகொண்டே, அங்கப்பன் சொல்லி அனுப்பியதை முதலில் சொன்னேன். என்னுடையதைப் பிறகு சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"தெரியுமுங்க" என்றார் அம்மா.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வாரமே பைய அவுத்துக் காய வெச்சேனுங்க. மூணாவது மண்ணும் நாலாவது மண்ணும் ஒரே நாடா. ஒரே நீளத்துல அறுந்துச்சு. ரெண்டும் ஒண்ணுதான்னு கைக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னாசி, இது எங்க எடுத்ததுங்கன்னு அன்னிக்கே கேட்டிருக்கோணும். அவருக்கு மெழுகுவத்தி ஏத்துன மனுசன், கேட்டா தலை குனிவாரேன்னு நெனச்சேன். சில எடத்துல அடி வரைக்கும் ஒரே மண்ணா இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அங்கப்பண்ணன்கிட்ட வெய்யுங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"எல்லாரு முன்னாலயும் என்னையக் காப்பாத்துனீங்களேம்மா…"

"யாரு காப்பாத்துனா? கையெழுத்து என்னுதுன்னு சொன்னேன். அது நெசந்தானுங்க." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "உங்கள விட எனக்குத்தான் அதிகமாத் தெரியும் அந்த மண்ணு. அதனால எனக்கும் தலை நிமிரலீங்க. நீங்க வேற வழியாப் போனப்பெல்லாம், நல்லவேளைன்னு நானும் உள்ள போயிருக்கேன்."

கார் வந்துவிட்டது. பெட்டிகளை நான்தான் தூக்கி ஏற்றினேன். ஷ்ரவ்யா முன்னால் உட்கார்ந்தார். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். நான் கைகூப்பினேன். அவரும் கும்பிட்டார். அவர் கட்டைவிரல் நகத்தடியில் செம்மண்ணின் சிவப்பு இன்னும் இருந்தது. வண்டி கிளம்புகிற நேரத்தில் என்னைக் கிட்டே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நாலாவது பையக் காலியாவே கட்டிக் குடுத்திருக்கலாமுங்க, இன்னாசி. பார்க்கலைன்னு எழுதறதுக்கும் அந்தத் தாள்ல எடம் இருந்துச்சுங்க."